இரைப்பைக்குப் பின்னால் ஒரு பை

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு 'இன்னொருக்கா' என்று பெயர். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த துணிகளை எண்ணிப் பார்ப்பது அவள் வேலை. எண்ணி முடித்து, எல்லாரும் கையுறையைக் கழற்றப் போகும் நேரம் பார்த்து, "இன்னொருக்கா எண்ணிடுவோம்" என்பாள். மயக்க மருந்து டாக்டர்தான் முதலில் அதைக் கேலியாகச் சொல்லிக் காட்டினார். பிறகு வார்டு ஆட்கள், பிறகு கேன்டீன்காரர். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அது நிஜப் பெயர் என்று நினைத்து, "இன்னொரு அக்கா எங்கே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு வைத்தாள். அன்றோடு அந்தப் பெயர் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது.

அவளை அங்கே யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காததால் அதில் ஒரு நியாயம் இருந்தது. நாற்பத்து மூன்று வயது, பதினாறு வருடத் தியேட்டர் வேலை, சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம். யார் வீட்டு விசேஷத்துக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள்.

நர்சிங் படிக்கும்போது ஒரே ஒரு பாடத்தில் இரண்டு முறை தோற்றாள். வயிற்றுச் சவ்வு. புத்தகத்தில் அதற்கு ஒரு படம் இருந்தது. யாரோ நூல்கண்டை உதறிப் போட்டு அதன்மேல் அம்புக்குறி வரைந்த மாதிரி. மனப்பாடம் செய்து மூன்றாம் முறை தேறினாள், மறுவாரமே மறந்தாள். புரிந்தது தியேட்டருக்கு வந்த பிறகுதான். மேஜையோரம் நின்று, திறந்து கிடக்கும் வயிறுகளை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

அது ஒரே சவ்வு. ஈரமாக, வழவழப்பாக, வெளிச்சம் பட்டால் மினுங்கும். வயிற்றுச் சுவரின் உள்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு போகும். பின்சுவரில் மடங்கித் திரும்பி வந்து குடலையும் இரைப்பையையும் ஈரலையும் மூடும். அதே சவ்வுதான், எங்கும் அறுபடுவதில்லை. பிரித்து விரித்தால் ஓர் ஆளின் மேல்தோல் அளவுக்கு வரும் என்பார்கள். ஆறு மீட்டர் சிறுகுடல் முழுவதையும் ஒரு மடிப்பு தொங்கவிட்டிருக்கும். அந்த மடிப்பு பின்சுவரில் ஒட்டியிருக்கும் இடமோ ஒரு சாண்கூட இருக்காது; சின்ன இடுப்புப் பட்டியில் பெரிய பாவாடையைக் கொசுவித் தைத்த மாதிரி. இரைப்பையின் கீழ்விளிம்பிலிருந்து கொழுப்பு படிந்த ஒரு திரை குடல்மேல் தொங்கும். எங்காவது சீழோ ஓட்டையோ அந்நியப் பொருளோ இருந்தால் அந்தத் திரை அங்கே போய் ஒட்டிச் சுற்றி மூடிவிடும். அவள் அதைப் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இத்தனை மடிப்பு இருந்தால் இத்தனை ஒளிவிடமும் இருக்கும். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். இடுப்பெலும்புக்குள் ஒரு குழி. எல்லாவற்றிலும் மோசமானது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் பை. அதற்கு இயற்கையாக உள்ள வாய் விரல் நுழையும் அளவுதான். முன்னாலிருந்து பார்த்தால் அப்படி ஒரு பை இருப்பதே தெரியாது.

அன்று முற்பகல் பதினோரு மணிக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தெட்டு வயது. இரைப்பைப் புண் உடைந்து வயிறு பலகையாக இறுகியிருந்தது. கத்தி பிடித்தவர் தலைமை சர்ஜன். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'எக்ஸ்பிரஸ்'. அது அவர் காதில் விழும்படியே சொல்வார்கள், அவருக்கு அது பெருமை. மற்றவர்கள் இரண்டு மணி நேரம் எடுக்கும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

ஓட்டையை அடைத்தார். பின்பக்கமும் புண் இருக்கிறதா என்று பார்க்க, இரைப்பைக்குக் கீழே திரையில் ஒரு வழி வெட்டிப் பின்பையைத் திறந்தார். அங்கே ரத்தம் கசிந்தது. மேஜையோரம் நின்ற இன்னொருக்காவிடம் துணி கேட்டார், கொடுத்தாள். இன்னொன்று கேட்டார், கொடுத்தாள். ஒற்றினார், பார்த்தார், "பின்னாடி சுத்தம்" என்று வெட்டிய வழியைத் தைத்து மூடினார்.

வெளியே வந்த துணிகளை எண்ணும் வேலையில் அவளுக்குத் துணையாக இருந்தவள் 'பம்பரம்'. சுழன்று சுழன்று ஓடுவதால் அந்தப் பெயர். இருவரும் சத்தம் போட்டு எண்ணினார்கள். உள்ளே போனது இருபது. வெளியே பத்தொன்பது.

"இன்னொருக்கா" என்றாள்.

பத்தொன்பது. வாளியைக் கவிழ்த்தார்கள், மேஜைக்கு அடியில் பார்த்தார்கள், செருப்புகளைத் தூக்கிப் பார்த்தார்கள். பத்தொன்பதுதான்.

"டாக்டர், ஒரு துணி குறையுது."

"நல்லா எண்ணு."

"மூணு தடவை எண்ணியாச்சு. உள்ளதான் இருக்கு."

எக்ஸ்பிரஸ் கையை உள்ளே விட்டு ஈரலுக்கு அடியில் துழாவினார். இடுப்புக்குழியில் துழாவினார். குடல் வளையங்களை ஒதுக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. ஊசி கொடு."

"பின்பையைப் பாருங்க டாக்டர்."

"அதை மூடியாச்சு."

"மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு துணி போச்சு. ஒண்ணு வந்ததைத்தான் நான் பாத்தேன்."

முகமூடிக்கு மேலே அவர் கண் சுருங்கியது. "நான் சர்ஜனா, நீ சர்ஜனா?"

"நீங்கதான் சர்ஜன். எண்ணுறது நான்."

"ஊசியைக் கொடுன்னு சொன்னேன்."

அவள் ஊசிப் பிடிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை. பிறகு மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டிலிருந்து, "பிரஷர் இறங்குது, சீக்கிரம் முடிங்க" என்றார். அது பொய்யில்லை. அவளும் எண்களைப் பார்த்தாள். எக்ஸ்பிரஸ் அவள் கையிலிருந்து ஊசிப் பிடிப்பானைப் பிடுங்கிக்கொண்டார். "வேணும்னா எக்ஸ்ரே எடுத்துக்கோ. உன் வீட்டுக்காரர்தானே எடுக்கப் போறார், ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க."

அவள் கணவன் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். உருளைச் சக்கரம் வைத்த மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான், மனைவி முகத்தைப் பார்க்காமல் படம் எடுத்தான். படத்தில் துணி தெரியவில்லை.

தெரியாது என்று அவளுக்கு முன்பே தெரியும். வயிற்றுத் துணிகளில் ஒரு நீலநூல் ஓடும். எக்ஸ்ரேயில் தெரிவது அந்த நூல்தான். அந்த மாதம் ஸ்டோரில் நல்ல துணி தீர்ந்துபோய், சாதாரணத் துணியை வெட்டி மடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் நூல் கிடையாது. அதை அங்கேயே சொன்னாள். "படம் சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?" என்றார் எக்ஸ்பிரஸ். வயிறு மூடப்பட்டது. அவள் எண்ணிக்கைத் தாளில் 'பத்தொன்பது, ஒன்று குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் கேட்டாள். "அந்தத் துணியில நூல் இல்ல, அதனால படத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க."

"படம் எடுக்கிறது என் வேலை. அதுக்கு வசனம் எழுதுறது என் வேலை இல்ல."

"ஒரு ஆளு வயித்துல துணி கெடக்கு."

"உன்னால எனக்கு அங்க ஏற்கனவே மரியாதை இல்ல. 'இன்னொருக்கா புருஷன்'னுதான் கூப்பிடுறாங்க. உன் சண்டையை என் தலையில இறக்காத."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமா. அதனாலதான் இத்தனை வருஷம் உன்கூட இருக்கேன்."

இரண்டு பேரும் ஐந்து நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தியேட்டர் வேண்டாம், கீழ்த்தளத்தில் கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் அறைக்குப் போ. அதற்குக் காரணமாக 'குழுவாகப் பணியாற்றும் பாங்கின்மை' என்று எழுதியிருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லை. வேர்வை, இரும்பு, வெந்த துணி வாசனை. இரண்டு மாதம் அங்கே இருந்தபின் ஒரு நாள், வெளிநோயாளிகள் வரிசையில் அந்த மெக்கானிக்கைப் பார்த்தாள். இளைத்திருந்தான். அவள் நின்றாள்.

"எங்க வலிக்குது?"

அவன் உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்து ஒரு வட்டம் போட்டான். "இங்கதான் எங்கயோ சிஸ்டர். சரியா சொல்லத் தெரியல. அமுக்கிப் பாத்தா எங்கயும் வலி இல்ல. வாயுன்னு சொல்றாங்க."

உறுப்புகளை மூடியிருக்கும் சவ்வுக்கு இடம் காட்டத் தெரியாது. அதை வெட்டினாலும் சுட்டாலும் ஆளுக்குத் தெரியாது, இழுத்தால் மங்கலாக நடுவயிற்றில் எங்கோ வலிக்கும். சுவரை மூடியிருக்கும் சவ்வுதான் துல்லியமாக இடம் சொல்லும். இவன் போட்ட வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சொல்ல வாயெடுத்தாள். எக்ஸ்பிரஸின் உதவி டாக்டர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துக்கும் கீழே ஓர் இடம் இல்லை, அடுத்தது வீடுதான் என்று அவளுக்குத் தோன்றியது. "டாக்டர்கிட்ட நல்லா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அவனை அனுப்பினார்கள். அடுத்த தடவை, மனசை அலட்டிக்கொள்கிறான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள்.

இன்னும் ஐந்து மாதம் போயிற்று. கருவித் தட்டுகளை மேலே கொண்டுபோகும் வழியில் அவனை மறுபடி கண்டாள். இந்த முறை சக்கர நாற்காலியில் இருந்தான், பக்கத்தில் மனைவி. காய்ச்சல் கண்ணில் தெரிந்தது. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே, ஒற்றை விரலை மேல்வயிற்றின் இடப்புறம் வைத்தான். "இங்க சிஸ்டர். இந்த இடம். சட்டை பட்டாக்கூட உயிர் போகுது."

வலி சுவருக்கு வந்துவிட்டது.

அவனுடைய மனைவி ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மறுநாள் மத்தியானம் 'இன்னொருக்கா' அந்தக் கடைக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் வயித்துல ஒரு துணி இருக்கு" என்றாள்.

கடைக்காரி தாளை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "என்ன?"

"ஆபரேஷன் அன்னிக்கு ஒரு துணி குறைஞ்சது. நான் சொன்னேன், கேக்கல."

"வயித்துக்குள்ள துணி இருந்தா எக்ஸ்ரேல தெரியாதா? ஸ்கேன்ல தெரியாதா? சும்மா கதை விடாதீங்க."

"எக்ஸ்ரேல தெரியாத துணி. ஸ்கேன்னு இங்க ஜெல்லு தடவித்தான் பாத்தாங்க, இரைப்பையில இருக்கிற காத்து பின்னாடி இருக்கிறதை மறைச்சிடும்." மேஜைமேல் லேமினேஷன் செய்யும் பிளாஸ்டிக் உறை கிடந்தது. இரண்டு தாள் ஒட்டிய உறை. அதை எடுத்து ஒரு பக்கம் கைமுட்டியை வைத்து உள்ளே அழுத்தினாள். "பாருங்க. என் கை உறைக்குள்ள இல்ல. ஆனா உறை என் கையைச் சுத்தி மூடியிருக்கு. குடலும் இரைப்பையும் அப்படித்தான் சவ்வுல பொதிஞ்சிருக்கு. இரைப்பைக்குப் பின்னாடி இந்தச் சவ்வு மடிஞ்சு ஒரு பை ஆயிருக்கு. துணி அங்கதான் இருக்கு. உடம்பு அதைச் சுத்திக் கொழுப்புத் திரையை ஒட்டி மூடி வெச்சிருக்கும். இப்ப சீழ் பிடிச்சு முன்பக்கச் சுவரைத் தொட்டிருச்சு. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குழாய்க்குள்ள படுக்க வெச்சு எடுப்பாங்களே, அந்த ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. 'இரைப்பைக்குப் பின்னாடி பாருங்க'ன்னு சொல்லுங்க."

கடைக்காரி மெஷினை நிறுத்தினாள்.

"இது எப்பத்துல இருந்து தெரியும் உங்களுக்கு?"

"அன்னில இருந்து."

"ஏழு மாசம்."

இன்னொருக்கா உறையைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"ஏழு மாசமா அந்த மனுஷன் தூங்கல. என்னைத் தொட விடல. பைத்தியம்னு மாத்திரை கொடுத்தாங்க, நானும் நம்பி அவரைத் திட்டினேன். நீ எதிர்த்த கட்டடத்துலதான் இருந்த. தினம் இந்த வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போற. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுப் போயிருக்க."

"எழுதிக் கொடுத்தேன். என்னை மாத்திட்டாங்க."

"மாத்தினா நாக்கையும் புடுங்கிட்டாங்களா?"

கடைக்காரி கதவைக் காட்டினாள். இன்னொருக்கா வெளியே வந்தாள்.

வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பைக்குப் பின்னால், தேங்காய் அளவில் ஒரு கட்டி. திறந்து பார்த்தபோது கொழுப்புத் திரையும் பெருங்குடலும் அதைச் சுற்றி இறுக ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிப்பதற்கே நாலு மணி நேரம் ஆயிற்று. குடலில் ஒரு விரல்நீளத் துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே சீழில் ஊறி மடிந்த துணி. மெக்கானிக் பிழைத்தான்.

கடைக்காரி புகார் கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள். நீள மேஜை, மூன்று அதிகாரிகள், மூலையில் கிறீச்சிடும் ஃபேன். எக்ஸ்பிரஸ் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கைத் தாளைக் கொண்டு வரச் சொன்னார்கள். வந்தது. அதில் 'இருபதுக்கு இருபது, சரி' என்று இருந்தது. கீழே பம்பரத்தின் கையெழுத்து.

"இது நான் எழுதின தாள் இல்ல" என்றாள் இன்னொருக்கா.

எக்ஸ்பிரஸ் அதிகாரிகளைப் பார்த்துச் சொன்னார்: "இந்தம்மாவோட குணம் எல்லாருக்கும் தெரியும். யார்கூடவும் ஒத்துப்போகாது. தியேட்டர்ல இருந்து அனுப்பின கோவத்துல பேசுறாங்க. துணி அதுக்கப்புறம் வேற எங்கயாவது பண்ண ஆபரேஷன்ல விட்டதா இருக்கலாம்."

"அவருக்கு வேற ஆபரேஷனே நடக்கலையே!" என்று கடைக்காரி எழுந்து கத்தினாள். உட்காரச் சொன்னார்கள்.

பம்பரம் தலையைக் குனிந்துகொண்டு, தான் எண்ணியது இருபது என்றாள். குரல் மேஜையைத் தாண்டவில்லை.

அப்போது இன்னொருக்கா கேட்டாள்: "இருபதுக்கு இருபது சரியா இருந்தா, மேஜையிலயே எதுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்க?"

"எக்ஸ்ரேயா? எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் எக்ஸ்பிரஸ்.

எக்ஸ்ரே அறையின் பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னார்கள். அதைக் கொண்டு வர வேண்டியவன் அவள் கணவன். அரைமணி நேரம் ஆகியும் ஆள் வரவில்லை. வரமாட்டான் என்று அவள் நினைத்தாள். பதிவேட்டைத் தொலைத்துவிட்டேன் என்பான், அல்லது வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போயிருப்பான். எக்ஸ்பிரஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் வந்தான். சட்டை நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் பதிவேட்டை மேஜையில் வைத்து, பக்கத்தைப் பிரித்து, விரலால் தொட்டுக் காட்டினான். தேதி, நேரம், தியேட்டர் எண், நோயாளி எண். படம் எடுத்த காரணம் என்ற கட்டத்தில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'துணி ஒன்று குறைவு, தேட.'

"இதை எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டார் ஓர் அதிகாரி.

"யாரும் சொல்லல சார். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, கேட்டு எழுதுவேன். அன்னிக்குக் காரணத்தைச் சொன்னது டாக்டர்தான்."

அதற்குப் பிறகு பம்பரம் அழுதாள். பழைய தாளைத் தன் கண்முன்தான் கிழித்தார்கள் என்றாள். எக்ஸ்பிரஸ் எழுந்து, "நீ இனி எந்தத் தியேட்டர்ல நிக்கிறேன்னு பாக்கிறேன்" என்று இன்னொருக்காவிடம் சொன்னார். அதிகாரிகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அதிகாரிகள் அவளையும் விடவில்லை. வெளிநோயாளி வரிசையில் மெக்கானிக்கைச் சந்தித்தீர்களா என்று கேட்டார்கள். மறுத்திருக்கலாம், மெக்கானிக்கைத் தவிர பார்த்தவர் உதவி டாக்டர் ஒருவர்தான், அவர் வாயைத் திறக்கப் போவதில்லை. "சந்திச்சேன்" என்றாள். "துணிதான்னு எனக்குத் தோணிச்சு. சொல்லல. பயம்." அறையில் அன்று அவளை எல்லாரும் நம்பிய ஒரே வாக்கியம் அதுதான்.

எக்ஸ்பிரஸுக்கு ஓராண்டு தடை. தடை முடிந்ததும் நகரத்தின் மறுகோடியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவர் படம் போட்ட பலகை வாசலில் நிற்கிறது. பம்பரத்துக்கு எச்சரிக்கை. இன்னொருக்காவுக்கும் எச்சரிக்கை, 'அறிந்ததை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியமைக்காக'. அந்தத் தாளை அவள் படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்தாள். திருத்திக் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

கணவனிடம் நன்றி சொல்லவில்லை. "ஏன் அரைமணி நேரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"மாடிப்படியில உக்காந்திருந்தேன்."

"ஓடிப்போறதுக்கா?"

"ஆமா. செருப்பு அறுந்துடுச்சு, ஓட முடியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் பார்த்துவிட்டான்.

ஓராண்டு கழித்து அவளைத் தியேட்டருக்குத் திரும்ப அழைத்தார்கள். புதிய தலைமை சர்ஜன் ஒரு பெண்மணி, முதல் நாளே, "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். எனக்குத் தொல்லை கொடுக்காதீங்க" என்றார். "எண்ணிக்கை சரியா இருந்தா கொடுக்க மாட்டேன்" என்றாள். அவர்கள் இருவருக்கும் இன்று வரை ஆகாது. ஆனால் துணி குறைந்தால் அந்தப் பெண்மணி ஊசி கேட்பதில்லை.

மெக்கானிக் பழையபடி லிஃப்ட் வேலைக்குப் போகிறான். இரண்டு முறை திறந்த வயிறு என்பதால் பெல்ட் போட்டிருக்கிறான், கனம் தூக்குவதில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வரும்போது அவளைக் கண்டால் தலையசைப்பான். அவன் மனைவி அதுகூடச் செய்வதில்லை.

சென்ற மாதம் ஒரு மழைநாளில், அவசரமாக ஒரு சான்றிதழ் நகல் தேவைப்பட்டு, பக்கத்தில் வேறு கடை திறந்திருக்காததால் இன்னொருக்கா அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் நின்றாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு மாணவிகள் நகலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஒரு காப்பி" என்று தாளை நீட்டினாள்.

கடைக்காரி தாளைப் பார்க்கவில்லை. "மெஷின் ரிப்பேர்" என்றாள். மெஷின் அடுத்த தாளைத் துப்பியது. மாணவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொருக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை விரித்து, மழையில் இறங்கி அடுத்த தெருவை நோக்கி நடந்தாள்.